கடை வலைத்தளத்துக்கு எந்தக் கலர்? நிறங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கிறேன். அல்வா, பாய், கருப்பட்டி, ஜவுளி என்று எல்லா வியாபாரமும் வரும். எந்த வேலையாக இருந்தாலும் முதல் நாள் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். கடைக்கார அண்ணாச்சிகள் கேட்டதையும், என்னிடம் வேலை பழகும் தம்பி தங்கைகள் கேட்டதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பிடித்த கலரைப் போட்டால் போதாதா? இதற்கு ஒரு படிப்பு வேண்டுமா?

பிடித்த நிறத்தையே போடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த நிறம் திரையில் எப்படித் தெரியும் என்பது அதன் கையில் மட்டும் இல்லை. பக்கத்தில் எந்த நிறம் உட்கார்ந்திருக்கிறதோ, அது இதை மாற்றிவிடும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாயில்.

பத்தமடைப் பாய் விற்கிற அண்ணாச்சி ஒருவருக்குத் தளம் செய்தேன். கோரையின் வைக்கோல் நிறத்தில் நடுப்பகுதி, இரண்டு பக்கமும் பச்சைக் கரை. கரை பச்சையாக இருக்கிறதே என்று பக்கத்தின் பின்னணிக்கும் பளிச்சென்ற பச்சையைக் கொடுத்தேன். அண்ணாச்சி பார்த்ததும், “தம்பி, நம்ம பாய் நல்ல பச்சையால்லா இருக்கும். இதுல செத்த பச்சையா தெரியுதே” என்றார். கேமராவின் குற்றம் என்று நினைத்து, பாயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை மறுபடி படம் எடுத்தோம். அப்படியும் அதே சோர்ந்த பச்சை. கடைசியில் பின்னணியை எடுத்துவிட்டு, கோரை நிறத்தையே இன்னும் வெளுப்பாக்கிப் போட்டேன். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. கரையின் பச்சை எழுந்து நின்றது.

பாரிசில் இதே வழக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. கோபெலின் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் மிஷேல் எஜேன் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கருப்புச் சாயத்தில் கருமை போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் வந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்க வைத்திருந்தன. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்பதை 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு நிறத்தின் அருகே அதே நிறம் இன்னும் பலமாக இருந்தால் முதலாவது செத்துவிடும். எதிர் நிறம் இருந்தால் உயிர் வரும். நம் ஊரில் அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்தால் அந்தச் செம்பழுப்பு கூடுதலாகப் பளபளப்பதும் இந்தக் கணக்கில்தான்.

திரையில் நிறம் எப்படி உண்டாகிறது?

செல்போனில் வெள்ளையான ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் நுனியால் ஒரு சின்னச் சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடி மேல் வையுங்கள். சொட்டு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். உற்றுப் பார்த்தால் வெள்ளை என்று ஒன்று அங்கே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியான விளக்குகள்தான் வரிசையாக எரியும். மூன்றும் முழுதாக எரிந்தால் கண்ணுக்கு வெள்ளை, மூன்றும் அணைந்தால் கருப்பு.

ஒவ்வொரு விளக்கையும் 0 முதல் 255 வரை ஏற்றி இறக்கலாம். ஆர்ஜிபி என்று மூன்று எண்கள் எழுதுகிறோமே, அது இதுதான். 256 படிகளை மூன்று தடவை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். சிவப்பும் பச்சையும் 255, நீலம் 0 என்றால் மஞ்சள். பெயிண்ட் கலந்து பழகியவர்களுக்கு இது இடிக்கும், ஏனென்றால் சிவப்புப் பெயிண்டும் பச்சைப் பெயிண்டும் சேர்ந்தால் அழுக்குப் பழுப்புதான் கிடைக்கும். பெயிண்ட் ஒளியை விழுங்கும், திரை ஒளியைக் கூட்டும். இரண்டும் வேறு வேறு சமையல்.

திரையில் பார்த்த கலர் ஃப்ளெக்ஸில் வரவில்லையே?

வராது. அச்சில் வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மைகள். அவை ஒளியை விழுங்கி நிறம் காட்டுபவை. திரையின் பளீர் பச்சையும் மின்னும் நீலமும் அந்த மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. கடைக்குப் போர்டும் தளமும் ஒரே நிறத்தில் வேண்டும் என்றால், முதலில் ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு சின்னத் துண்டு அடித்துப் பார்த்து, அந்த நிறத்துக்குத் திரையை இறக்கிக் கொண்டுவாருங்கள். மேலே இருந்து கீழே வரலாம், கீழே இருந்து மேலே போக முடியாது.

வண்ணச் சக்கரம் என்கிறார்களே, அது எதற்கு?

முப்பட்டகத்தில் பிரிந்த ஒளிப்பட்டையை வளைத்து வட்டமாக்கி 1704-இல் வெளியிட்டவர் நியூட்டன். வரிசையாக இருந்ததை வட்டமாக்கியதும், எந்த நிறத்துக்கு எது எதிரே நிற்கிறது என்று பார்க்க வழி பிறந்தது. இன்று கணினியில் அந்த வட்டத்துக்குப் பாகை கொடுத்திருக்கிறோம்: சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. வாடாமல்லிப் பூவின் நிறத்தைத் தேடினால் 300 பக்கம் போக வேண்டும்.

எதிரெதிர் நிறங்கள் சேர்ந்தால் துள்ளல் வரும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் சேர்ந்தால் அமைதி வரும். 120 பாகை இடைவெளியில் மூன்று எடுத்தால் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் மாதிரி விளையாட்டுத்தனம் வரும். குழந்தைகள் பள்ளிக்கு நல்லது, நகைக்கடைக்கு ஆகாது. இதற்கு மேல் சக்கரத்திடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்த நிறங்கள் சேரும் என்று அது சொல்லும், எது எவ்வளவு வேண்டும் என்று சொல்லாது. தப்பு நடப்பது பெரும்பாலும் அளவில்தான்.

இன்னொன்று. ஓவியர்கள் பழகிய சக்கரம் வேறு. அதில் மஞ்சளுக்கு எதிரே ஊதா இருக்கும்; திரைச் சக்கரத்தில் மஞ்சளுக்கு எதிரே நீலம். எந்தச் சக்கரத்தை வைத்துப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

சாயல், செறிவு, ஒளிர்வு: இந்த மூன்றையும் எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாக உட்காருங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

சாயல் என்பது சக்கரத்தில் அது நிற்கும் இடம்: சிவப்பா, மஞ்சளா, பச்சையா. செறிவு என்பது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்பது. ஒளிர்வு என்பது வெளுப்பா கறுப்பா என்பது. நம் வீட்டுச் சொதியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரிவதும் மஞ்சள்தான், அம்மியில் அரைத்த மஞ்சளும் மஞ்சள்தான். தேங்காய்ப்பால் சேர்ந்ததில் செறிவு இறங்கி ஒளிர்வு ஏறிவிட்டது. சாயல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

எச்எஸ்எல் என்ற முறையில் இந்த மூன்றையும் தனித்தனி எண்ணாக எழுதலாம். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களை ஆர்ஜிபியை விட்டு இதற்கு வரச் சொல்கிறேன். ஒரு கணக்கைப் பார்ப்போம். நட்டுக் கொஞ்ச நாள் ஆன நெற்பயிரின் பச்சையை ஒரு படத்திலிருந்து எடுத்தேன்: சிவப்பு 110, பச்சை 170, நீலம் 50. எச்எஸ்எல்-இல் சாயல் 90, செறிவு 55 சதவீதம், ஒளிர்வு 43 சதவீதம். பார்க்க அருமையான நிறம். அதன் மேல் வெள்ளை எழுத்தில் ‘ஆர்டர் செய்ய’ என்று எழுதினால் வாசிக்கச் சிரமம். சாயலையும் செறிவையும் தொடாமல் ஒளிர்வை மட்டும் 43-லிருந்து 30-க்கு இறக்குங்கள். பச்சை அதே குடும்பத்துப் பச்சையாகவே இருக்கும், கொஞ்சம் முதிர்ந்த பயிர் மாதிரி. வெள்ளை எழுத்து இப்போது தெளிவாக நிற்கும். நிறத்தை மாற்றாமலே பிரச்சினை தீர்ந்துவிட்டது.

எழுத்து வாசிக்கிற அளவுக்கு இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

அதற்கு ஒரு கணக்கு உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தை எண்ணாகச் சொல்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, 24 பிக்சலுக்கு மேற்பட்ட பெரிய எழுத்துக்கும், ஏறக்குறைய 19 பிக்சலுக்கு மேற்பட்ட தடித்த எழுத்துக்கும் 3 போதும். வெள்ளையில் கருப்பு எழுதினால் 21, அதுதான் உச்சம். மேலே சொன்ன நெற்பயிர்ப் பச்சையில் வெள்ளை எழுத்து 2.8 தான் வந்தது, ஒளிர்வை இறக்கியதும் 5.3 ஆனது. சாம்பல் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளையில் #767676 (மூன்று எண்ணும் 118) வரைதான் போகலாம். அதற்கு மேல் வெளுத்தால் 4.5-க்குக் கீழே விழுந்துவிடும்.

கண் மூன்று நிறத்தையும் ஒரே அளவு வெளிச்சமாகப் பார்ப்பதில்லை என்பதையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. பச்சைக்கு ஏறக்குறைய 72 பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. அதனால்தான் திரையின் முழு நீலம் வெள்ளையில் 8.6 வாங்குகிறது, முழுப் பச்சை வெறும் 1.4 வாங்குகிறது. முழு மஞ்சளைப் பற்றிப் பேசவே வேண்டாம், 1.1.

கோவில் கொடைப் போஸ்டரில் மஞ்சளில் சிவப்பு எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிகிறது, அதையே தளத்தில் போட்டால் ஏன் கண் வலிக்கிறது என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. முழு மஞ்சளில் முழுச் சிவப்பு 3.7. பெரிய எழுத்துக்குத் தேறும், சின்ன எழுத்துக்குத் தேறாது. போஸ்டரில் ‘கொடை விழா’ என்ற எழுத்து ஒரு முழ உயரம். தளத்தில் அது 16 பிக்சல். சிவப்பை 255-லிருந்து 139-க்கு இறக்கி அரக்கு மாதிரி ஆக்கினால் அதே மஞ்சளில் 9.3 வந்துவிடும்; கொடையின் மங்களமும் குறையாது.

ஆங்கில எழுத்துக்குச் சரியாக இருக்கும் கலர் தமிழுக்கும் சரியாக இருக்குமா?

எண்படி சரி, கண்படி பல நேரம் சரியில்லை. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில், வெளிர்சாம்பல் நிறத்தில் ‘பால்’ என்று எழுதுங்கள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ‘பால’ என்று நிற்கும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழி; ‘ஞ’வின் உள்வளைவுகள் மங்கினால் ஒரே கறையாகத் தெரியும். ஆகவே தமிழ்ப் பத்திகளுக்கு நான் 4.5-இல் நிற்பதில்லை. அந்த வழிகாட்டியே உயர்ந்த நிலைக்கு வைத்திருக்கும் 7-ஐத்தான் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில் வந்த கணக்கு இது. மெல்லிய எழுத்துருவை வெளிர்நிறத்தில் போடவே மாட்டேன்.

ஒரு பக்கத்தில் எத்தனை கலர் வைக்கலாம்?

வீட்டு உள் அலங்காரக்காரர்கள் சொல்லும் 60, 30, 10 என்ற பங்கு இங்கேயும் உதவும். மீண்டும் பத்தமடைப் பாய்க்கே வருகிறேன். விரித்தால் பெரும்பகுதி கோரையின் சொந்த நிறம். கரையில் ஒரு அடர்நிறம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்திருப்பார்களே, கண் நேராக அங்கே போகும். பெயர் இருக்கும் அந்தக் கொஞ்ச இடம்தான் 10. தளத்தில் அந்த இடம் ‘வாங்க’, ‘அழைக்க’ என்ற பொத்தான்களுக்கு உரியது. அந்த நிறத்தைத் தலைப்புக்கும், கோட்டுக்கும், ஓரத்துக்கும் பூசிவிட்டால் பொத்தானைத் தேட வேண்டிவரும்.

நம் ஊரைக் காட்டும் நிறங்களை எங்கிருந்து எடுக்கலாம்?

எங்கே பார்த்தாலும் இருக்கிறது. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்குப் போய் நில்லுங்கள். இரும்பு ஆக்சைடு ஏறிய செம்மணல், மேலே பனை, அதற்கு மேலே வானம். மூன்றே நிறம், ஒன்றும் கூட்ட வேண்டாம். ஒரு கருப்பட்டிக் கடைக்கு நான் எடுத்தது அந்த மணலைத்தான்: 178, 70, 40. வெள்ளை எழுத்துக்கு 5.5 கிடைக்கிறது. அல்வாவின் அடர்பகுதியில் 122, 62, 20 கிடைத்தது. அதன் மேல் வெள்ளை 8.3. தாமிரபரணி ஆற்றுக்கே தாமிரத்தின் பெயர், நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபை. செம்பு நிறம் நமக்குப் பரம்பரைச் சொத்து. குற்றாலம் சித்திர சபையின் சுவர் ஓவியங்களை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். இத்தனை உருவங்கள் நெருக்கமாக இருந்தும் கண் சோர்வதில்லை, ஏனென்றால் நிறங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், செறிவும் அடங்கியது.

ஒரு எச்சரிக்கை. படத்திலிருந்து நிறம் எடுக்கும்போது மதிய வெயிலில் எடுத்த படத்தில் ஒரு எண்ணும் மாலைப் படத்தில் வேறு எண்ணும் வரும். நாலைந்து இடத்தில் எடுத்து, மனசுக்கு எது தேரியாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஜவுளிக்கடைக்காரர்கள் மயில்கழுத்துக் கலர் கேட்பார்கள். அதற்கு ஒற்றை எண் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால் சேலை அசையும்போது மாறி மாறித் தெரிவது அது. பச்சையையும் நீலத்தையும் இரண்டு நிறமாகவே எடுத்து, ஒன்றைப் பின்னணிக்கும் ஒன்றைக் கரைக்கும் வைத்தால் அந்த எண்ணம் ஓரளவு வரும்.

நிறங்களுக்கு அர்த்தம் உண்டா? நீலம் நம்பிக்கை, சிவப்பு ஆத்திரம் என்கிறார்களே?

அந்தப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. கல்யாணக் கூரைச்சேலையில் சிவப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது ஆத்திரம் ஆகுமா? அர்த்தம் நிறத்தில் இல்லை, பார்ப்பவர் வாழ்ந்த இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் அதற்கு இரண்டு கூர்முனைகள் உண்டு. ஒன்று கட்சிக்கொடி. இரண்டு மூன்று நிறங்களைப் பட்டையாக அடுக்கினாலே ஏதாவது ஒரு கொடி ஞாபகம் வந்துவிடும்.

மற்றது வலிக்கிற விஷயம். தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதியைக் காட்டும் வழக்கம் இருக்கிறது. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக்கயிறு கட்டுவதைத் தடை செய்ய 2024-இல் பரிந்துரைத்தது. பள்ளிக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ தளம் செய்யும்போது, தேர்ந்தெடுத்த நிறச் சேர்க்கையை அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் மேலே போவேன். ஒரு பிள்ளைகூட ‘இது என் பள்ளி இல்லை’ என்று நினைக்கும்படி ஒரு பட்டை நிறம் இருக்கக் கூடாது.

நிறக்குருடு உள்ளவர்களுக்கு என்ன செய்வது?

எங்களிடம் வேலை பழகிய தம்பி ஒருவன், ‘சரக்கு உண்டு’ என்பதற்குப் பச்சைப் புள்ளி, ‘இல்லை’ என்பதற்குச் சிவப்புப் புள்ளி வைத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாப் புள்ளியும் ஒண்ணுபோலத்தான இருக்கு, அண்ணே” என்றான். அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. சிவப்பு-பச்சைக் குழப்பத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம். வழி எளிது: நிறத்தோடு சொல்லையும் வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ‘உண்டு’, ‘தீர்ந்தது’ என்று எழுதினால் போதும். பத்தி நடுவே வரும் இணைப்புக்கு அடிக்கோடு வேண்டும். படிவத்தில் தப்பான கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு என்ன தப்பு என்றும் எழுத வேண்டும்.

இருட்டுப் பின்னணி வைக்கலாமா?

வைக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் அமோலெட் வகைத் திரையில் கருப்புப் புள்ளி எரியாமல் இருப்பதால் பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும். முழுக் கருப்பில் முழு வெள்ளை எழுத்து சிலர் கண்ணுக்குக் கசிந்து தெரியும். பின்னணியைக் கரிச்சாம்பலாகவும் எழுத்தைச் சற்று மங்கின வெள்ளையாகவும் வையுங்கள். பகல் நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் வேலைக்கு ஆகாது. இருட்டில் செறிவான நிறம் இன்னும் கத்தும், அதனால் செறிவை இறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது. எப்படிச் சோதிப்பது?

முதலில் பக்கத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பொத்தான் பொத்தானாகத் தெரிந்தால் ஒளிர்வு சரி. அப்புறம் விகிதம் பார்க்கும் கருவியில் எண்களைப் போட்டுப் பாருங்கள். உலாவியிலேயே அந்த வசதி உண்டு.

மூன்றாவது சோதனையை நான் வண்ணார்பேட்டை பக்கம் நடுப்பகலில் வெளியே நின்று செய்வேன். கையில் பழைய செல்போன், கண்ணாடியில் இரண்டு கீறல், வெளிச்சம் பாதி. வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது எழுத்து மேலும் பின்னணி மேலும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கொட்டுகிறது. இருட்டாக இருக்க வேண்டியது வெளுக்கிறது, விகிதம் சரிகிறது. அறைக்குள் அழகாக இருந்த வெளிர்சாம்பல் விலைப்பட்டியல் அங்கே வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். பாய்க் கடைத் தளத்தையும் அப்படித்தான் பார்த்தோம். அண்ணாச்சி கையால் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது பாயின் விலைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார், கடைசி வரை வாசித்தார். அன்று சாயங்காலமே தளத்தை ஏற்றிவிட்டேன்.